கூடாத தண்ணிப் பீப்பா

முதல் நாள் வேலை பழகச் செடிக் கொட்டிலுக்குள் கால் வைத்ததும் நீங்கள் மூன்று பேரும் அந்தப் பீப்பாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். தவறணைக்காரர் கழித்துவிட்ட பழைய கள்ளுப் பீப்பா. வயிற்றில் சிவப்புப் பெயின்ரால் ‘கூடாத தண்ணி’ என்று பெரிய எழுத்து. தகரக் கூரையிலிருந்து ஒரு பீலி அதற்குள் இறங்குகிறது. மழையில்லாத நேரம் மூடி, மூடிக்கு மேலே கல். பத்தடி தள்ளி, அயலெல்லாம் குடம் கொண்டு வந்து அள்ளுகிற எங்கள் நல்ல தண்ணிக் கிணறு திறந்தபடி கிடக்கிறது.

உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: “அண்ணை, நல்லதை எல்லே மூடி வைக்க வேணும்? கூடாததுக்கு ஏன் இவ்வளவு காவல்?”

சொல்லத் தொடங்கினேன். அதற்குள் உழவு மெசின் வந்து மணல் கொட்ட, கதை நின்றுபோனது. இப்போது எழுதித் தருகிறேன். ஏனென்றால் நான் போகப்போகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஒருவன் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் அதற்கும் நீங்கள் சிரிப்பீர்கள். வவுனியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. வீட்டில் முழுச் சந்தோசம், எனக்கு அரைச் சந்தோசம். கொட்டில் உங்களுடையது. கலவை என்ன, நிழல் எவ்வளவு, சாடி எந்த அளவு என்பதெல்லாம் கை பழக வந்துவிடும். அதற்கு என் எழுத்துத் தேவையில்லை. கை பழகினாலும் வராத ஒன்றிரண்டு இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கெண்டிச்செடியை முதன்முதலில் ஒரு பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்தேன். இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நூலாக நீளும். நூலின் முனை வீங்கி ஒரு கெண்டியாகத் தொங்கும். அதற்கு விளிம்பும் உண்டு, மூடியும் உண்டு. விளிம்பில் வழுக்குகிற எறும்பு உள்ளே விழுந்தால் செடிக்குச் சாப்பாடு. இலை ஒன்று சட்டி பானை செய்து சமைத்துச் சாப்பிடுகிறதென்றால் எந்தப் பெடியனுக்குத்தான் இருப்புக் கொள்ளும்? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறும் வந்து, பல்கலைக்கழக அனுமதி வராமல் சும்மா இருந்த காலம். ரயிலேறித் தெற்கே போய், களுத்துறைப் பக்கத்துப் பற்றையொன்றில் பச்சைக் கெண்டி ஒன்றைக் கண்டு, ஈரச் சாக்கில் சுற்றி இங்கே வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தேன். செத்தது. திரும்பப் போனேன், சிவப்புக் கெண்டி கொண்டுவந்தேன். அதுவும் செத்தது. மழைநாட்டுச் செடி, வன்னி வெக்கை தாங்காது என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடுகுக் கூரையை இரட்டையாக்கினேன். ஈரச் சாக்குக் கட்டினேன். தண்ணியை இன்னும் கூட்டினேன்.

இந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்திருங்கள்.

பாக்கியம் அக்காவை அப்போதுதான் சந்தித்தேன். எழுபத்தேழு கலவரத்தோடு இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு தர்மபுரத்துக்கு வந்தவர். வயல்களில் களை பிடுங்கிக்கொண்டும், கிடைத்த துண்டுக் காணியில் மிளகாய் வைத்துக்கொண்டும் இருந்தார். வேறு அலுவலாக அந்தப் பக்கம் சைக்கிளில் போன நான், அவர் வேலியில் தொங்கியதைக் கண்டு சைக்கிளை அப்படியே வேலிக்குள் விட்டேன்.

கெண்டி. நல்ல உயரக் கொடியில் நிறையக் கெண்டிகள். உடம்பு மாதுளம் முத்தின் கடுஞ்சிவப்பு. ஆனால் விளிம்பும் மூடியும் மட்டும் இளம் எலுமிச்சை நிறம். அப்படி ஒரு நிறச் சேர்க்கையை நான் எங்கும் கண்டதில்லை.

“அக்கா, இது எங்கால?”

“எதுங்க தம்பி? அந்தக் கொடியா? அது கயிறுங்க.”

“கயிறோ?”

“ஆமா. பொட்டி கட்டிக்கிட்டு வந்த கயிறு. மொதல்ல வேலிய விட்டு சைக்கிள எடுங்க.”

அவர்கள் பக்கத்தில் அந்தக் கொடியால்தான் விறகு கட்டுவார்களாம், வேலி கட்டுவார்களாம். ஓட வேண்டி வந்த அன்று, அவருடைய வீட்டுக்காரர் தோட்டத்து ஓரப் பற்றையில் கைக்கு அகப்பட்ட கொடியை இழுத்து வெட்டித் தகரப் பெட்டியைச் சுற்றி இறுக்கியிருக்கிறார். வன்னிக்கு வந்து அவிழ்த்தபோது ஒரு நுனி இன்னும் பச்சையாக இருந்தது. அக்கா அதை வாய்க்கால் கரையில் குத்திவைத்தார். “சும்மாதான் வச்சேன். வந்துருச்சு” என்றார். வாய்க்கால் தண்ணிதான் அள்ளி ஊற்றினாராம்.

“அங்க இன்னும் நிக்குமோ, இந்த நிறத்தில?”

“அந்த ஒரு பத்தையிலதான் இப்படி. அதையும் றப்பர் வைக்கணும்னு வெட்டிட்டாங்க. நாங்க இருக்கும்போதே வெட்ட ஆரம்பிச்சாச்சு.”

அப்படியென்றால் அந்த வேலியில் நின்றது ஒன்றே ஒன்று. வேறெங்கும் இல்லை. விளங்குகிறதா? பக்கத்தில் அவருடைய ஆடு நின்று கொடியின் இன்னொரு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

கெஞ்சினேன், வேறு சொல்லில்லை. ஆடில்லாத இடம், நல்ல நிழல், நான் பொறுப்பு என்று. ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: “செடி என்னோடது. நெழல் ஒங்களோடது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து பாப்பேன். கொறஞ்சிருந்தா தூக்கிட்டுப் போயிருவேன்.”

மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சாடியை வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன், நான் இல்லாத நேரம் இதற்கு நல்ல தண்ணி ஊற்ற வேணும் என்று. அம்மாவுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணியின் உருசிக்காகக் கலியாண வீட்டுக்கு அண்டா அண்டாவாக அள்ளிக்கொண்டு போவார்கள். உவர் கிணறுகளுக்கு நடுவில் நல்ல தண்ணிக் கிணறென்றால் அது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியும். வந்த செடியை அம்மா விருந்தாளி போல் கவனித்தார். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு, நல்ல தண்ணி.

அந்த வருடம் மாரி மழை பொய்த்த வருடம். குளம் அரைவாசியும் நிரம்பவில்லை. சிறுபோகத் தண்ணியை நேரத்தோடு மறித்தார்கள். வாய்க்கால்கள் வெடித்தன. சோளகக் காற்று எழும்பியது. பாக்கியம் அக்காவின் செடியில் புதிதாக விரிந்த இலைகளின் நூல்முனை வீங்காமல் கறுத்தது. பிறகு இலைக்கரை பழுப்பானது. பிறகு அடித்தண்டு கறுக்கத் தொடங்கியது. நான் தண்ணியைக் கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து நின்று பார்த்தார்.

“தம்பி, வாய்க்காக் கரையில சும்மா கெடந்த செடிங்க இது. ஆடு தின்னும் கூட வளந்துச்சு. ஒங்க நெழலுக்கு வந்து எளைச்சுப் போச்சே.”

“வெக்கை அக்கா. சோளகம்.”

“வெக்கை எங்க வீட்டுலயும்தான் இருந்துச்சு.”

சாடியைத் திருப்பி வேர் பார்த்தோம். கை முழுக்கச் சேறு. அக்கா கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார்.

“என்னா தம்பி ஒங்க ஊரு தண்ணி, சோப்பு நொரைக்கவே மாட்டேங்குது. என் தலைய பாருங்க. இங்க வந்து குளிச்சுக் குளிச்சுத் தும்புக்கட்டையா போச்சு.”

“சவுக்காரம் கூடாததாய் இருக்கும்” என்று அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார். “எங்கட கிணத்தில குற்றம் இல்லை.”

நான் அக்காவின் நுரையில்லாத கையைப் பார்த்தேன்.

சவுக்காரத்தோடு இலகுவில் நுரை தராத நீர் வன்னீர். இரசாயனவியல் பரீட்சையில் நான் எழுதி முழுப் புள்ளி எடுத்த வரி. சுண்ணாம்பு கரைந்த தண்ணி. எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு. செடிச்சாடியின் விளிம்பைச் சுற்றி அதே வெள்ளை வளையம், நான் நாள்தோறும் பார்த்த வளையம். வன்னித் தண்ணி வன்னீர் என்று வகுப்பில் பகிடி கூட விட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் எங்கள் கிணற்றைப் பற்றி அந்த யோசனை வந்ததேயில்லை. ஏன் வரவில்லை? அதற்கு ‘நல்ல தண்ணி’ என்று பெயர். எங்கள் வாயில் அது ஒரு சொல், முடிந்துபோன விசயம். அந்தச் சுண்ணாம்புதான் நாக்குக்கு உருசி. சேற்று நிலத்தில், சத்தில்லாத மண்ணில், மழையை மட்டும் குடித்து வளர்ந்த செடிக்கு அது நஞ்சு. நாங்கள் கூட்டக் கூட்ட நஞ்சு கூடியது. வாய்க்கால் தண்ணி, குளத்தில் தேங்கிய மழை. அதனால்தான் அங்கே அது ஆட்டுக்கும் சாகவில்லை.

தம்பிமார், தங்கச்சி, எந்தப் பொருளையாவது நல்லது என்று சொல்லும்போது ஆருக்கு நல்லது என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தண்ணிக்கு எங்கே போவது? மழைக்கு இன்னும் கனகாலம் கிடந்தது. குளத்து மடுவில் மிச்சமிருந்ததை எருமைகள் கலக்கி உரக்குழியாக்கியிருந்தன. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு மிதித்தேன். கராச் ஒன்றில் பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணி கேட்டேன். “என்ன வாகனம்?” என்றார் கராச்காரர். வாகனம் இல்லை, செடிக்கு என்றேன். “இரவில லைற் எரியுமோ?” என்று கேட்டுவிட்டு, இருந்த ஒரேயொரு போத்தலைத் தந்தார்.

அந்த ஒரு போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இனி நான் சொல்லப்போவதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. ஆசை என்ன சொல்லியது? இந்தத் தண்ணியைத் தாய்ச்செடிக்கு ஊற்று என்றது. அது பூக்க வேண்டும், ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும், கலப்புச் செய்ய வேண்டும் என்று நான் நீளத்துக்குக் கனவு வைத்திருந்தேன். ஆனால் மண் முழுக்க ஊறின சுண்ணாம்பைக் கழுவ ஒரு போத்தல் எந்த மூலைக்குக் காணும்? நுனிப் பக்கம் இன்னும் பச்சை. அதை வெட்டித் தடிகளாக ஊன்றினால், தடிக்கு வேண்டியது ஈரம் மட்டும். ஈரத்துக்கு ஒரு போத்தல் காணும். எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு தண்ணி இருக்கிறது என்பதுதான் முடிவு.

ஆனால் செடி என்னுடையதல்ல. தர்மபுரத்துக்குப் போய் அக்காவைக் கூட்டி வந்தேன்.

“தாய்ச்செடி தப்பாது அக்கா. நுனியை வெட்டி ஊண்ட வேணும்.”

“ஊண்டுனா வருமா?”

“வரலாம். வராமலும் போகலாம்.”

“வெட்டாம விட்டா?”

“கறுப்பு அடியில இருந்து ஏறிக்கொண்டு வருது. நுனிக்கு வந்திட்டால் பிறகு வெட்ட ஒண்டும் மிஞ்சாது.”

“வித்து எடுத்து வைக்க ஏலாதா?”

“வித்தில வாறது பிள்ளை அக்கா. நிறம் மாறும். தடியில வாறதுதான் அதே ஆள்.”

அக்கா செடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு என் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.

“என் செடி. நானே வெட்டுறேன். அப்பறம் செத்துப் போச்சுன்னா ஒங்கள ஏச முடியாது பாருங்க.”

“ஏசாமல் இருக்கப் போறீங்களோ?”

“அது வேற. ஏசுவேன்.”

கறுப்புக்கு மேலே நல்ல பச்சையில் சாய்வாக வெட்டினார். நாலு தடி வந்தது. மணலும் கரியும் கலந்து ஊன்றி, ஹோர்லிக்ஸ் போத்தல்களைக் கவிழ்த்து மூடினோம். அக்கா வெட்டின அடிக்கட்டையைப் பார்த்தார். சேலைத் தலைப்பில் கத்தியைத் துடைத்துவிட்டுப் போனார்.

கராச் போத்தல் தீரத் தீர ஈடு வேண்டும். ஆகவே நானே வடித்தேன். பெரிய பானையில் கிணற்றுத் தண்ணி, நடுவில் கல், கல்லின் மேல் கிண்ணம், பானை வாயில் கவிழ்த்த மூடி, மூடியின் மேல் ஈரத்துணி. ஆவி மூடியில் பட்டு நடுவுக்கு வழிந்து கிண்ணத்தில் சொட்டும். சுண்ணாம்பு பானையோடு நிற்கும். இந்தச் செடியின் இலத்தீன் பெயரில் இரண்டாம் சொல்லுக்கு வடித்தெடுப்பது என்றுதான் கருத்து வரும். கெண்டியைப் பார்த்து வைத்த பெயராம். அந்தப் பெயரை நினைத்து நினைத்துச் சந்தோசத்தோடு விறகு எரித்தேன். விறகு வண்டில் கணக்கில் போனது. தண்ணி போத்தல் கணக்கில் வந்தது. குசினிக்குள் இந்தக் கூத்து வேண்டாம் என்று அம்மா சொன்னதால் வளவின் பின் கோடியில், கொட்டிலுக்குப் பின்னால் அடுப்பு. வடித்ததை விட்டுவைக்க அகப்பட்டது சாராயப் போத்தல்கள்.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் ஊரும் நினைத்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம். விதானையார் குடையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். அரசாங்கம் அவருக்குக் கிராமசேவகர் என்று பெயர் மாற்றிக் கனகாலம். எங்களுக்கு அவர் விதானையார்தான். அவருக்குப் பின்னால் வேலியோரம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், சாராயப் போத்தலைப் பார்த்தார்.

“தம்பி, என்ன காய்ச்சுறீர்?”

“காய்ச்சேல்லை ஐயா. வடிக்கிறன்.”

வேலிக்கு அங்காலே சிரிப்பு. கசிப்பென்ற கள்ளச்சாராயம் எடுப்பவர்களும் அதே சொல்லைத்தான் சொல்லுவார்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அப்பிடித்தான் நானும் கேள்விப்பட்டனான். எத்தினை நாளாய்?”

“ஐயா, இது வெறும் தண்ணி.”

“எல்லாரும் தண்ணியெண்டுதான் சொல்லுறவை. ஆருக்கு?”

“செடிக்கு.”

“செடி குடிக்குதோ?”

“ஓம் ஐயா.”

“கனகாலமாய்க் குடிக்குதோ? வீட்டில சண்டை பிடிக்குதோ?”

வேலியோரம் ஒருவர் சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டார். நான் வன்னீர், மென்னீர், கல்சியம் என்று விளக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லோடும் அவருடைய முகம் இறுகியது. நெருக்கடியில் படிப்பைக் காட்டாதீர்கள். பயந்தவன் கதைக்கிற படிப்பு பொய் போலத்தான் கேட்கும்.

“இதெல்லாம் பொலிசுக்குச் சொல்லும். இப்ப அடுப்பை நூரும். போத்தலில கிடக்கிறதை எல்லாம் ஊத்தும்.”

போத்தலில் கிடந்தது அவ்வளவுதான். பகல் முழுக்க எரித்து எடுத்த முக்கால் போத்தல். உள்ளே ஹோர்லிக்ஸ் போத்தல்களுக்குக் கீழே மணல் காயத் தொடங்கியிருந்தது. ஊற்றினால் இன்னொரு பகல் எரிக்க வேண்டும், அதற்கும் அடுப்பு இல்லை. எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. போத்தலை அவர் கையிலேயே கொடுத்தேன்.

“நீங்களே நெருப்பில ஊத்திப் பாருங்கோ ஐயா. கசிப்பெண்டால் பத்தும்.”

அவர் அடுப்புக்கு மேலே சரித்தார். சீ என்று புகைந்து ஒரு கொள்ளி அணைந்து நூர்ந்தது. அவருக்கு இன்னும் திருப்தியில்லை. மற்றக் கொள்ளிக்கும் ஊற்றினார். அடுத்ததற்கும். போத்தலில் தண்ணி இறங்கிக்கொண்டே போனது. நான் வாயைத் திறக்க முன்னம், வேலிப் படலையடியில் இருந்து ஒரு குரல்.

“ஐயா, போதுங்க. கன்னுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க.”

வெள்ளிக்கிழமை என்று சொன்னேனே. பாக்கியம் அக்கா தர்மபுரத்திலிருந்து வந்த புழுதியோடு நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து, விதானையாரைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் கவிழ்த்த போத்தல்களைக் காட்டினார்.

“இது என் செடிங்க. இத்தன துண்டுதான் மிஞ்சியிருக்கு. அந்தத் தண்ணிய நம்பித்தான் நிக்கிது. நீங்க ஊத்துனா இது செத்துரும். அப்பறம் நான் எங்க போய் தேடுறது?”

அந்தக் குரலில் பொய்க்கு இடமில்லை. விதானையார் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். நிமிர்ந்து போத்தலை மோந்து பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு வாயில் வைத்தார். கொப்பளித்துத் துப்பினார்.

“சப்பெண்டு கிடக்கு. தம்பி, இது நல்ல தண்ணி இல்லை.”

“ஓம் ஐயா.”

“இப்பிடியொரு கிணத்தை வைச்சுக்கொண்டு உதை ஏன் ஆக்குறீர் எண்டு எனக்கு விளங்கேல்லை. அது உம்மட பிரச்சினை. ஆனால் ஆரும் பிள்ளையள் எடுத்துக் குடிச்சால் எனக்குத்தான் மறுமொழி. போத்தலுக்கு மேல எழுதி வையும்.”

“என்னெண்டு எழுத ஐயா?”

“கூடாத தண்ணி எண்டு எழுதும்.”

“நானும் அதைத்தான் சொன்னனான்” என்றார் அம்மா கிணற்றடியில் இருந்து. கிணறு அன்றைக்கு வழக்கில் வென்றது.

அன்றிலிருந்து மறைவில்லாமல், எல்லாரும் பார்க்க வடித்தேன். ஊரில் என் பெயர் ‘வடியல்’ என்று ஆனது. இன்றைக்கும் வயது போனவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாலு தடியில் இரண்டு கறுத்துப்போயின. மற்ற இரண்டும் கறுக்கவுமில்லை, துளிர்க்கவுமில்லை; சும்மா நின்றன. பிடுங்கி வேர் பார்க்க என் கை துறுதுறுத்தது. அக்கா சாடிக்குக் கிட்ட என்னை விடவில்லை.

முதல் மாரி மழை இறங்கியபோது அக்காவும் எங்கள் வளவில்தான் நின்றார். கிடுகில் வழிகிற தண்ணி கறுக்கும் என்று தகரம் பிடித்தேன். “பீலி வைக்க வேணும் அக்கா, பீலி வைச்சுப் பீப்பாவுக்குள்ள விட்டால்” என்று நான் சொல்ல, அவர் சிரித்தார். அவருடைய தோட்டத்தில் மலையிலிருந்து வருகிற குடிதண்ணிக் குழாய்க்குத்தான் பீலி என்று பெயராம். எங்களுக்கு அது கூரைத் தண்ணி வழிகிற தகரம். “எந்தப் பீலியா இருந்தா என்னாங்க, ரெண்டுலயும் சோப்பு நொரைக்கும்” என்றார். கையை நீட்டி மழையில் சவுக்காரத்தைத் தேய்த்துக் காட்டினார். முழங்கை வரை வெள்ளை நுரை.

பீப்பா அப்போது வாங்கியதுதான். அதற்கு முன் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டலாம் என்று நினைத்து, சீமெந்தே சுண்ணாம்பு என்று கடைசி நேரத்தில் நினைவு வந்து விட்டுவிட்டேன். நீங்களும் கட்டாதீர்கள். எழுத்தை விதானையார் சொன்னபடியே எழுதினேன். அது பகிடிக்கல்ல. ஆர் அவசரத்தில் வந்து நின்றாலும், எந்தத் தண்ணி செடிக்கு என்று இந்தக் கொட்டிலில் பிழை விடமுடியாது. நல்லது என்று எழுதியிருந்தால் குடித்துத் தீர்த்திருப்பார்கள்.

இரண்டு தடியும் கொடியாகின. ஒன்று தர்மபுரத்துக்குப் போனது, ஒன்று இங்கே நின்றது. முதல் கெண்டி விரிந்தபோது அதே மாதுளை, அதே எலுமிச்சை. அந்த வகைக்கு ‘பாக்கியம்’ என்று அட்டை எழுதினேன். “என் பேர எறும்பு திங்கிற செடிக்கா வைப்பீங்க?” என்று அக்கா கிழித்துப்போட்டார். ‘கட்டுக்கொடி’ என்று வைக்கச் சொன்னார். பெரிய இடத்திலிருந்து வந்து பார்த்த ஒரு சேகரிப்பாளர், இவ்வளவு வடிவான வகைக்கு இது என்ன பெயர் என்று முகம் சுளித்தார். அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பத்தைந்துக்குப் பிறகு ஒரு நாள், ஷெல் விழத் தொடங்கி வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கிளம்பியது. அதற்குள் கொட்டிலில் பல வகை சேர்ந்துவிட்டன. புள்ளிக் கெண்டி, நெட்டைக் கெண்டி, வெளிறல் என்று நீங்கள் இப்போது பார்க்கிற எல்லாம். மெசின் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் அம்மாவுக்கும்தான் இடம். சாடி ஒன்றுக்கும் இடமில்லை. நான் சாடிகளுக்கு நடுவில் நின்றேன். எதைத் தூக்குவது? ஒன்றைத் தூக்கினால் மற்றதை விட வேண்டும். அம்மா கத்துகிறார், மெசின் உறுமுகிறது. அப்போது தகரப் பெட்டிக்குக் கயிறு இல்லை என்று அம்மா சொன்னார்.

கத்தியை எடுத்தேன். கட்டுக்கொடியின் நீளமான கொடியை வெட்டிப் பெட்டியைச் சுற்றி இறுக்கினேன். புள்ளிக் கெண்டியால் பாயைக் கட்டினேன். வெளிறலால் சட்டி பானையைக் கோத்தேன். எங்கள் சாமான் முழுக்க இலையும் கெண்டியுமாகத் தொங்கத் தொங்கத் தர்மபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாக்கியம் அக்கா படலைக்கு வந்து பார்த்தார். அம்மாவை இறக்கினார். பிறகு பெட்டியைத் தடவினார்.

“பரவாயில்லயே தம்பி. கயிறு கொண்டாந்துட்டீங்க.”

அன்றைக்கே அவிழ்த்து ஊன்றினோம். அவருடைய முற்றத்தில் தகரத்துக்குக் கீழே ஒரு பீப்பா இருந்தது. அதில் அவருடைய மகள் எழுதிய எழுத்து: கூடாத தண்ணி. நாங்கள் திரும்பி வந்தபோது இந்தக் கொட்டில் தரையோடு கிடந்தது, சாடிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்கள் இன்று பொறுப்பெடுக்கிற அத்தனை வகையும் அந்தக் கயிறுகள்.

ஆகவே வடிவுக்காகக் கொடியைக் கட்டையாய்க் கத்தரிக்காதீர்கள். பார்க்க வருகிறவர்கள் பற்றை என்று சொல்லட்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போடுகிற நீளம் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு வகையும் ஒரு வளவில் மட்டும் நிற்கக்கூடாது. அக்கா வெள்ளிக்கிழமைகளில் வருவார். அவருக்கு உட்காரக் கதிரை போடுங்கள், ஆனால் சாடியைத் திருப்பிப் பார்க்காமல் அவர் இருக்கமாட்டார்.

நாளைக் காலை பஸ்ஸில் என் பெட்டி ஏறும்போது வந்து பாருங்கள். கிழக்கு மூலையில் கட்டுக்கொடி ஒரு பக்கம் குறைந்து தெரிந்தால் ஆரும் களவெடுத்ததாக நினைக்க வேண்டாம். வவுனியாவில் என்ன தண்ணி என்று எனக்கு இன்னும் தெரியாது. எல்லாரும் நல்ல தண்ணி என்றுதான் சொல்கிறார்கள். சட்டைப் பைக்குள் ஒரு சவுக்காரத் துண்டு வைத்திருக்கிறேன்.